ஏழாம் பகுதியில் ஒரு காலடி

டக்... டக்... டக்...

செருப்புக் கடைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உயரமான ஒருவன் கடை நடுவில் மண்டியிட்டிருந்தான். பெண்கள் போடும் கட்டைச் செருப்புகளுக்குள் இரண்டு கைகளையும் நுழைத்துக்கொண்டு, அவற்றைத் தரையில் நடக்கவிட்டுக்கொண்டிருந்தான். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அப்படியோர் ஈடுபாடு... ஏதோ வேண்டிக்கொள்கிறவனைப் போல.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சாலையைக் கடக்கும்போதே அவளுடைய இடது செருப்பின் வார் அறுந்துவிட்டது. ஒரு காலில் செருப்பு, மறு காலில் சேறு. ஆஸ்பத்திரிச் சீருடையின் ஓரமெல்லாம் ஈரம்.

"என் அளவுக்கு ஏதாவது ஒரு ஜோடி குடுங்கண்ணே. எதுவா இருந்தாலும் சரி."

கடைக்காரர் அலமாரியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "புதுச் சரக்கு நாளைக்குத்தாம்மா வருது. உன் அளவுக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அது... அந்தா, அவர் கையில நடந்துட்டிருக்கு."

அவள் இரண்டடி நொண்டிக்கொண்டு போனாள்.

"சார்... அது கையில மாட்டுறது இல்ல. கால்ல மாட்டுறது."

அவன் கண்ணைத் திறந்தான். தூக்கத்திலிருந்து எழுப்பிய குழந்தையின் கண்கள்... திட்ட வந்தவளுக்குத் திட்டத் தோன்றவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

"தெரியுங்க. என் கால் இதுக்குள்ள போகாது. அதான் கையில..."

"யாருக்கு வாங்குறீங்களோ அவங்களையே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"யாருக்கும் இல்ல. எனக்குத்தான்."

கடைக்காரர் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"உங்களுக்கா?"

"ஆமாங்க. மாசக் கடைசிக்குள்ள இப்படி ஒரு ஜோடி வேணும். பதினோரு கடை ஏறி இறங்கிட்டேன். எல்லாத்துலயும் ரப்பர் அடி. இதுலதான் சத்தம் இருக்கு."

"செருப்புல சத்தம் தேடி வாங்குற ஆளை இப்பத்தான் பார்க்குறேன்... அண்ணே, சத்தத்தை அவருக்கும் செருப்பை எனக்கும் பிரிச்சுக் குடுக்க முடியுமா பாருங்க."

அவன் சிரித்துவிட்டான். பிறகு அவள் வெறுங்காலைப் பார்த்தான். கட்டைவிரலில் கல் கீறி லேசாக ரத்தம் கசிந்திருந்தது. சட்டென்று எழுந்தான். கைக்குட்டையை எடுத்து, தான் பிடித்திருந்த இடத்தைத் துடைத்து, இரண்டு செருப்புகளையும் அவள் காலருகே ஒழுங்காக வைத்தான்.

"நீங்க போட்டுக்கங்க. இந்த மழையில வெறுங்கால்ல எப்படிப் போவீங்க? நான் நாளைக்கும் தேடிக்கலாம்."

இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுப்பான் என்று அவள் நினைக்கவில்லை. சண்டைக்குத் தயாராக வைத்திருந்த நாலு வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றன.

"ஒரே ஒரு உதவி..." என்று இழுத்தான். பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கருவியை எடுத்தான். "இதைப் போட்டுட்டு நாலடி நடப்பீங்களா? பதிவு பண்ணிக்கறேன். காலை இல்லீங்க... சத்தத்தை மட்டும்."

அவள் கடைக்காரரைப் பார்த்தாள். அவர், 'நடந்துதான் காட்டேம்மா' என்பது போலத் தலையாட்டினார். அவள் நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடைக்காரர் மறுபடி இருமினார். அவன் மறுபடி கண்களை மூடிக்கொண்டு கேட்டான். தன்னை ஒருவன் பார்க்காமல் இவ்வளவு கவனிக்க முடியுமா? அவள் காது மடல் சூடாயிற்று.

மழை விடவில்லை. கடை வாசலின் தகரக் கூரைக்கடியில் இருவரும் நின்றார்கள்.

"நீங்க என்ன வேலை?" என்றாள்.

"டிவி தொடருக்கெல்லாம் சத்தம் எடுக்கறது... சின்ன வேலைதாங்க."

"டிவியா? அப்ப மாட்டுனீங்க. நாங்க பார்க்காத தொடரே கிடையாது."

அவள் சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு டயாலிசிஸ் வார்டில் வேலை. காலை நேரத்துக்கு வரும் ஆறு நோயாளிகளுக்கு ஊசி ஏற்றி, இயந்திரத்தோடு இணைத்து, நான்கு மணிநேரம் கூடவே இருக்க வேண்டும். வார்டுக்கு ஒரே டிவி. எதைப் பார்ப்பது என்று தினமும் சண்டை. அதனால் அவளே வாரம் ஒரு தாளில் தன் கருத்தை எழுதி, எடை பார்க்கும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவிடுவாள். தலைப்பு, 'சும்மா பார்த்தவள் சொன்னது'.

"என்னென்ன எழுதுவீங்க?"

"உள்ளதைத்தான். 'சமையல் போட்டி... இந்த அறையில எல்லாருக்கும் உப்பில்லாச் சாப்பாடு. போடவே கூடாது.' 'பாலைவனப் படம்... நல்ல படம். ஆனா தண்ணி குடிக்கிற காட்சி பதினொண்ணு வருது. அளவாத் தண்ணி குடிக்கிறவங்க தவிர்க்கவும்.' 'கோர்ட்டுக் கதை... வக்கீல் கத்துறப்பல்லாம் மூணாம் படுக்கைக்காரருக்குப் பிரஷர் ஏறுது. சத்தத்தைக் குறைச்சுப் பார்க்கவும்.'"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் வினையாயிற்று. அவளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"இந்த வாரம் அந்தக் கலங்கரை விளக்கத் தொடர் எழுதியிருக்கேன். வேற மொழியிலேருந்து நம்ம மொழிக்கு மாத்தினாங்களே, அது. எப்பவோ வந்தது, நாங்க இப்பத்தான் போட்டுப் பார்த்தோம். ரொம்ப நல்ல தொடர்ங்க. ஆனா ஏழாம் பகுதியைக் கெடுத்துட்டாங்க."

"ஏழாம் பகுதியா?"

"அந்த அம்மா மகளைக் கடல்ல பறிகுடுத்துட்டு, செருப்பைக் கரையிலயே விட்டுட்டு, வெறுங்கால்ல வீட்டுக்குள்ள வருவாங்கல்ல... அழுகை தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. பார்த்தா டக் டக்னு செருப்புச் சத்தம்! வந்த அழுகை அப்படியே நின்னுபோச்சு. துக்கத்துல வர்றவ கால் சத்தமே போடாதுங்க. சத்தம் போட்ட மகராசன் படத்தைப் பார்த்தானா, பஸ்ஸுக்குக் காத்திருந்தானா, தெரியல."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு, விளக்கை அணைத்தது போல் போயிற்று.

"வேற யாராவது... சொன்னாங்களா இதை?"

"தெரியல. எனக்குக் கேட்டுச்சு."

அவன் அவளையே ஒரு கணம் பார்த்தான். கண்கள் கலங்கியிருந்தனவா, மழைச் சாரலா...? "வர்றேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொட்டும் மழையில் இறங்கி நடந்தான்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டில் அக்காவிடம் சொன்னபோது அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "உன் வாயை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? போன வருஷம் சம்பந்தம் பேச வந்தவங்ககிட்ட, மாப்பிள்ளையோட தங்கச்சி எடுத்த குறும்படத்தைப் பார்த்துட்டு, 'குறும்படம்னாங்க, இவ்ளோ நீளமா இருக்கே'ன்னு கேட்டவதானே நீ? ஆயிரம் தடவை சொல்லிட்டேன்டி. கேட்டா மட்டும் சொல்லு. கேட்டாலும் பாதியைச் சொல்லு."

"அவருதான்க்கா கேட்டாரு."

"அப்ப மீதிப் பாதியை ஏன் சொன்ன?"

அவள் வாசலைப் பார்த்தாள். புதுச் செருப்பு வாசலில் காய்ந்துகொண்டிருந்தது.

அதே நேரத்தில் அவன் டப்பிங் ஸ்டுடியோவின் மாடியறையில், நனைந்த தலையைக்கூடத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தான். வேற்று மொழித் தொடர்களில் பழைய பேச்சை எடுத்துவிட்டு நம் பேச்சைப் போடும்போது, கூடவே காலடியும் கோப்பையும் கதவும் ஊமையாகிவிடும். அவற்றைத் திரும்ப உயிர்ப்பிப்பது அவன் வேலை. அந்த அறையில் மணல் நிரப்பிய பெட்டி இருந்தது. சரளைக்கல் பெட்டி இருந்தது. பழைய மரத்தரைத் துண்டு ஒன்றும், சுவரோரம் நாற்பது ஜோடிச் செருப்புகளும் இருந்தன. ஸ்டுடியோ அவன் மாமாவுடையது. தாயில்லாப் பிள்ளையை வளர்த்து, தொழில் கொடுத்த மாமா. அந்த மாமாதான் இப்போது அறையை மாசக் கடைசியில் மூடப்போகிறார். அதற்குள் முடிக்க வேண்டிய ஒரு தொடருக்குத்தான் அந்தக் கட்டைச் செருப்புச் சத்தம். "கம்ப்யூட்டர்லயே எல்லாச் சத்தமும் ரெடியா கிடைக்குதுடா. நீ எடுக்கற காலடி யார் காதுல விழுது?"

அந்தக் கேள்வி அவனை வதைத்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் ஏழாம் பகுதித் தவறு அவனுக்குத் தெரியும். ஒளிபரப்பான அன்றே தெரியும். யாராவது கேட்பார்கள், திட்டுவார்கள் என்று எட்டு மாதம் காத்திருந்தான். ஒருவரும் கேட்கவில்லை. தப்பே காதில் விழவில்லை என்றால்... இத்தனை வருஷம் சரியாகச் செய்ததெல்லாம் யார் காதில் விழுந்திருக்கும்?

இன்று ஒருத்திக்குக் கேட்டிருக்கிறது. அவமானமாக இருந்தது. அதற்கும் மேலே, மூச்சு முட்டி நீருக்கடியில் கிடந்தவன் மேலே வந்தது போல ஓர் ஆசுவாசம்... "அப்பாடா" என்று சொல்லிக்கொண்டான். பதிவுக் கருவியைத் தட்டினான்.

டக்... டக்... டக்... டக்.

மறுநாள் காலை.

ஊசி ஏற்றுமுன் மனதுக்குள் 'வலிக்காம இருக்கட்டும் ஆண்டவா' என்று சொல்லிக்கொள்வது அவள் வழக்கம். நான்காம் படுக்கையில் புதிதாக ஒரு பெரியவர் வந்திருந்தார். எட்டு மாதமாக மாலை நேரத்துக்கு வந்தவர், இந்த வாரம்தான் காலைக்கு மாறியிருந்தார். எடை பார்க்க நின்றவர், மேலே ஒட்டியிருந்த தாளைக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். முதலில் சிரித்தார். பிறகு முகம் கறுத்தது.

"சிஸ்டர்... இதை எழுதினது யாரு?"

"நான்தான் சார். ஏன்?"

"இந்தக் கலங்கரை விளக்கம் எங்க ஸ்டுடியோவுல பண்ணது. காலடி எடுத்தது என் தங்கச்சி மகன். கையாலயே செய்வேன், கம்ப்யூட்டர் வேண்டாம்னு பிடிவாதம் பிடிச்சு... இந்த லட்சணம்!" படுக்கையில் வந்து விழுந்தார். "நல்லாப் போச்சு. மனசு கேக்காம யோசிச்சுக்கிட்டிருந்தேன். இனி யோசனையே இல்ல. மாசக் கடைசியில அந்த அறையை மூடிடறேன்."

அவள் கையில் இருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள். மாசக் கடைசி... கட்டைச் செருப்பு... 'எனக்குத்தான்'... ஐயோ! அவனிடமே அவனைத் திட்டியிருக்கிறாள். போதாததற்கு அவன் பிழைப்பிலும் மண்ணைப் போட்டுவிட்டாள்.

அன்றைய நான்கு மணிநேரமும் டிவியில் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. வேலை முடிந்ததும், பெரியவரின் கோப்பில் இருந்த முகவரியை... இல்லை, கோப்பைத் திறப்பது தவறு. நேராக அவரிடமே போனாள்.

"சார், உங்க ஸ்டுடியோ எங்க இருக்கு? நான் அவர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்."

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கற? உள்ளதைத்தானே எழுதினே!" என்றார். ஆனாலும் வழி சொன்னார்.

மாடியறைக் கதவைத் திறந்தபோது அவன் சரளைக்கல் பெட்டிக்குள் நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வெளியே வரக்கூட மறந்துபோனான்.

"நீங்களா?"

"நேத்து நான் சொன்னது... நீங்கன்னு தெரியாமச் சொல்லிட்டேன்."

"தெரிஞ்சிருந்தா?"

"பாதி சொல்லியிருப்பேன்."

அவன் உதட்டோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அவள் சிரிக்கவில்லை. வார்டில் நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள். "தாளைக் கிழிச்சுடறேன். சார்கிட்ட, எனக்குச் சரியாக் கேக்கல, பக்கத்து மெஷின் சத்தத்தைச் செருப்புன்னு நினைச்சுட்டேன்னு சொல்லிடறேன்."

"வேண்டாங்க." அவன் குரல் மெல்லியதாக, ஆனால் உறுதியாக இருந்தது. "எட்டு மாசத்துல இந்தத் தப்பைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். அந்தக் காதையும் பொய் சொல்ல வச்சுட்டா, அப்புறம் எனக்கு யாரு இருக்கா?"

அவள் பார்வையைத் திருப்பினாள். சுவரோரம் செருப்பு வரிசை. பட்டாளத்து பூட்ஸ், நடனச் செருப்பு, குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து... கடைசியில், தனியாக, பெரிய அளவில் ஒரு ஜோடிப் பெண்கள் கட்டைச் செருப்பு. அதில் ஒன்றுக்குக் குதிகால் இல்லை.

அவள் அருகே போய்க் குனிந்தாள்.

"இது... எங்க உடைஞ்சது?"

"எங்கயோ மாடிப்படியில."

"ஆஸ்பத்திரி மாடிப்படியிலயா?"

அவன் அந்தச் செருப்பை மெல்லத் திருப்பி வைத்தான். அவளுக்கு அதுவே போதும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு மதியம். பெரியவர் ஒருவரை நினைவில்லாமல் அவசரமாகக் கொண்டுவந்தார்கள். அவள் உள்ளே இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். திரைக்கு வெளியே நின்றவரின் முகம் தெரியவில்லை. திரைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன. பெண்கள் போடும் கட்டைச் செருப்புக்குள் திணித்த, பெரிய ஆண் கால்கள். 'கட்டைச் செருப்புக்காரர்' என்று அவர் அங்கே நின்ற மூன்று நாளும் வார்டே பேர் வைத்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

"அந்த வெறுங்கால் காட்சியைத்தான் எடுத்துட்டிருந்தீங்களா அன்னிக்கு?"

அவன் மணல் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். "அதுக்கு முந்தின காட்சி. பாலத்துல அந்த அம்மா செருப்போட நடக்கறது. அது முடிஞ்சதும் வெறுங்கால் எடுக்கணும். இடம் காலியா இருக்க வேண்டாமேன்னு செருப்புச் சத்தத்தையே அங்கயும் போட்டு வச்சேன். அப்பத்தான் மாமா கதவுகிட்டயே விழுந்துட்டாரு... தூக்கிட்டு ஓடினேன். மூணு நாள் அங்கேயே இருந்தேன். இங்க தேதி வந்ததும், கையில இருந்ததை அப்படியே அனுப்பிட்டாங்க."

"இதை ஏன் மாமாகிட்டச் சொல்லல?"

"சொன்னா, 'உங்களைத் தூக்கினதாலதான் தப்பு வந்துச்சு'ன்னு கணக்குக் காட்டற மாதிரி ஆயிடும். வளர்த்தவருங்க அவரு. நீங்களும் சொல்லக்கூடாது."

அவள் கிளம்பினாள். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நான் சும்மா பார்த்தவ. எனக்குப் பார்த்ததை மட்டும்தான் சொல்லத் தெரியும்... ஆனா ஒண்ணு. பார்த்ததைச் சொல்லாம இருக்கவும் தெரியாது."

அடுத்த முறை பெரியவர் வந்தபோது எடை இயந்திரத்துக்கு மேலே புதிய தாள் இருந்தது. பேனா மை இரண்டு இடத்தில் கலைந்திருந்தது.

"என்ன சிஸ்டர், இந்த வாரம் எந்தத் தொடரைக் கிழிச்சே?" என்று கேட்டுக்கொண்டே அவர் உரக்கப் படிக்க ஆரம்பித்தார். மற்ற ஐந்து பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"'சும்மா பார்த்தவள் சொன்னது. இந்த வாரம் தொடர் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் இதே வார்டில் நான் பார்த்த ஒரு காட்சி. நடித்தவை, இரண்டு கால்கள். முகம் காட்டவில்லை. திரைக்குக் கீழே பெண்கள் போடும் கட்டைச் செருப்பு, ஒன்றில் குதிகால் இல்லை. மூன்று நாளும் எப்போது பார்த்தாலும் அந்தக் கால்கள் அங்கேயே நின்றன. உள்ளே இருந்த நாங்கள் சிரித்தோம். கதையைப் பாதியிலிருந்து பார்த்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

"'முதல் பாதி எனக்கு இப்போதுதான் தெரிந்தது. காலடிச் சத்தம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர், வேலை பாதியில் இருக்கும்போது, தன்னை வளர்த்தவர் விழுவதைப் பார்த்தார். செருப்பைக் கழற்றவும் நினைவில்லாமல் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று... அன்று பாதியில் நின்ற வேலைதான்... ஏழாம்...'"

குரல் நின்றுவிட்டது.

அவள் மெதுவாக வந்து, மீதியைத் தானே படித்தாள். அவள் குரலும் சரியாக இல்லை.

"'குறை, அந்தச் சத்தம் தப்பு. அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். நிறை, அந்தக் கால்கள் அன்றைக்கு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றன. பார்க்கலாமா? முதலிலிருந்து பார்க்கவும்.'"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார். "செருப்பா... அன்னிக்கு அவன் கால்ல என்ன இருந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியாதேம்மா. நான் கண்ணு முழிச்சப்ப, சட்டை, செருப்பெல்லாம் மாத்திக்கிட்டு வந்து நின்னான். 'ஒண்ணும் இல்ல மாமா'ன்னான்."

"அவர் சொல்லக்கூடாதுன்னாரு சார். நான் கேக்கல. தப்புன்னா என்னைத் திட்டுங்க."

"திட்டறதா? முதல்ல அந்தப் போனை எடு." தானே எண்ணைத் தட்டினார். "டேய் மாப்பிள்ளை... என்ன பண்றே? சாப்பிட்டியா? ...ஒண்ணும் இல்லடா. சும்மாத்தான் கூப்பிட்டேன்... இல்லடா, அழல, ஜலதோஷம்... அந்த அறை இருக்குல்ல, அது அப்படியே இருக்கட்டும். யாரும் கை வைக்கக்கூடாது. நானே உள்ள வந்தாலும் வெளிய போன்னு சொல்லு."

அங்கே அவன் என்ன சொன்னானோ... பெரியவர் சிரித்தார், கண்ணீரோடு. "யார் காதுல விழுதுன்னு கேட்டேன்ல? இந்தா, எதிர்ல நிக்குது அந்தக் காது. ஏழாம் பகுதி மறு ஒளிபரப்புக்கு முன்னாடி திருத்தி அனுப்பணும். அனுப்பறதுக்கு முன்னாடி இந்த சிஸ்டர் கேட்டு, சரின்னு சொல்லணும். அது ஒண்ணுதான் என் நிபந்தனை."

அவள் தலையைக் குனிந்துகொண்டு இயந்திரத்தில் இல்லாத ஒரு பொத்தானைத் தேடினாள். ஐந்து படுக்கைகளிலிருந்தும் சிரிப்பு எழுந்தது. மூன்றாம் படுக்கைக்காரருக்கு அன்றைக்குப் பிரஷர்கூட ஏறவில்லை. ஒரு மழை மாலையில், முன்பின் தெரியாத ஒருத்தியின் காலருகே ஒருவன் ஒரு ஜோடிச் செருப்பைத் துடைத்து வைத்தான். கடவுள் இவ்வளவு சின்ன உபகாரத்தைக்கூடக் கீழே போடாமல், கையில் வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மறுபடி மழை, ஆனால் தூறல்.

"அந்த அம்மாவோட வெறுங்கால் என்னால வர மாட்டேங்குது" என்றான் அவன். "நாலு தடவை எடுத்தேன். என் கால் கனம். யாரோ திருடன் வர்ற மாதிரி இருக்கு. நீங்க..."

அவள் புதுச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தாள். ஈர மணலில் காலைப் பதித்துவிட்டு, மரத்தரையில் ஏறி நின்றாள். சுவரில் படம் ஓடியது, சத்தமில்லாமல். கடலில் மகளைக் கொடுத்த தாய் வாசற்படியில் நின்றாள். அவளும் நின்றாள். வார்டில் தினமும் பார்க்கும் முகங்களை நினைத்துக்கொண்டாள். உள்ளே இருப்பவர் என்ன ஆனாரோ என்று கதவைத் தள்ளப் பயந்து வரும் கால்கள்... அவளுக்குத் தெரியாத கால்களா அவை?

ஓரடி வைத்தாள். மணல் துகள் மரத்தில் நெரியும் சத்தம்... அவ்வளவுதான். இன்னோர் அடி.

எடுத்து முடித்ததும் அவன் அதைப் படத்தோடு சேர்த்துப் போட்டுக் காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குத் தொண்டையோடு நின்றுபோன அழுகை, இன்றைக்கு வந்தது.

"கருத்து?" என்றான், பயந்துகொண்டே.

"சரி..." என்றாள் மூக்கை உறிஞ்சியபடி. "இப்ப சரி."

அவன் நெடுமூச்சு விட்டான். எட்டு மாத மூச்சு அது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், காரணமே இல்லாமல், பாரம் இறங்கியவர்கள் சிரிக்கிற மாதிரி.

"இன்னொண்ணு இருக்கு. அதுக்கும் கருத்து வேணும்." அவன் கை பதிவுக் கருவியைத் தேடித் தடுமாறியது. "இது எந்தத் தொடருக்கும் இல்ல. போட மனசு வரல. தினமும் நான் மட்டும் கேக்கறேன்."

டக்... டக்... டக்... டக்.

கடைத் தரையில் அவள் நடந்த நாலடி. பின்னால் மழை. கடைக்காரரின் இருமல்கூட லேசாகக் கேட்டது.

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். அவன் முதன்முதலாக, கண்களை மூடாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்றீங்க... பாதி சொன்னாலும் போதும்" என்றான். "மீதியை நான் சொல்றேன். எனக்கு உங்களை... உங்களை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

அக்கா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. கேட்டால் மட்டும் சொல். கேட்டாலும் பாதியைச் சொல்.

'மன்னிச்சுக்கோ அக்கா' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவள் கண் திறந்தாள்.

"முழுசாவே சொல்லிடறேன். சத்தம் நல்லா இருக்கு. மழையும் நல்லா இருக்கு. ஆனா ஒரு குறை."

"என்ன?"

"நாலடி போதாது."

அவள் வாசலுக்குப் போனாள். கழற்றி வைத்த கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். பிறகு... திரும்பி, அவன் நிற்கும் இடம்வரை நடந்து வந்தாள்.

அவன் பதிவுப் பொத்தானை அழுத்த மறந்துபோனான்.